ரெண்டு சீட்டுக் காரும் ஒரு சமையலறையும்

ஓய்வு பெற்ற பதினேழாம் நாள் காலை ஏழே காலுக்கு வாஞ்சிநாதன் தம் வீட்டுச் சமையலறையில் முதல் இன்ஸ்பெக்‌ஷனை நடத்தினார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் இலாகாவில் இருந்தவர். ஊர் ஊராகப் போவது, கிளை கிளையாக நுழைவது, பீரோவைத் திறக்கச் சொல்வது, குறை கண்டுபிடித்து எழுதுவது, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது. இதுதான் வேலை. ஒரு கிளையையாவது தாமே நடத்திப் பார்த்தாரா என்றால், இல்லை. குறை சொல்கிறவனுக்கு நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த வங்கியிலும் சட்டம் கிடையாது. இப்போது கல்கத்தா டாலிகஞ்சில், மாமனார் கட்டிய வீட்டில், இன்ஸ்பெக்ட் செய்ய மிச்சமிருந்த ஒரே கிளை அடுப்படிதான்.

"வல்லி, உளுத்தம்பருப்பு ரெண்டு பாக்கெட் திறந்திருக்கு."

"ஒண்ணு அரைக்க, ஒண்ணு தாளிக்க."

"காபிப்பொடின்னு எழுதின டப்பாவுல தனியாப்பொடி இருக்கு."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போறுமா? நாளைக்கு நீ லீவுல போனா?"

"முப்பத்திரண்டு வருஷமா லீவே குடுக்கலையே. எங்கே போறது?"

சுந்தரவல்லி கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில், தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பக்கம் வந்து இறங்கிய குடும்பம். வங்காளியில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் பேசுவாள். கணவரிடம் பேசுவது எப்போதும் தமிழ்தான். ஆகவே, தாம் சண்டையில் இருக்கிறோம் என்பதே வாஞ்சிநாதனுக்குப் பல சமயம் தெரியாமல் போய்விடும்.

ஒரு வாரம் பொறுத்தாள். அவர் குக்கர் விசிலை எண்ணினார். கடுகு வெடிக்கும்போது பக்கத்தில் நின்று, கண்ணாடியில் எண்ணெய் தெறித்ததை ஒரு குறையாகக் குறித்துக்கொண்டார். எட்டாம் நாள் பதினான்கு குறைகளுடன் ஒரு அறிக்கையை டைனிங் டேபிளில் வைத்தார். முடிவுரை இதுதான்: சமையலறை உடனடியாக வாஞ்சிநாதனின் நேரடி நிர்வாகத்தில் கொண்டுவரப்பட வேண்டும்.

சுந்தரவல்லி காபியை உறிஞ்சிக்கொண்டே கடைசி வரி வரை படித்தாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"நிர்வாகம் பண்ண வருமா உங்களுக்கு?"

"என்ன கேள்வி இது!"

"அப்போ அதை நிர்வாகம் பண்ணிக் காட்டுங்கோ. பார்க்கலாம்."

அவள் காட்டியது பக்கத்து வீட்டு லாஹிரியின் கொட்டகையை. அதற்குள் ஒரு கார் கிடந்தது. கார் என்று லாஹிரி சொல்லித்தான் தெரியும். அது கிட் கார். அதாவது பாகம் பாகமாக வந்து இறங்கும். வாங்கினவர் தம் கையாலேயே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். லாஹிரியின் அண்ணா ஒரு என்ஜினியர். எண்பதுகளில், பழைய ஹெரால்டு கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் ஃபைபரில் வார்த்த உடம்பை ஏற்றினார். கூரை கிடையாது. ரெண்டே சீட்டு. பாதி பூட்டி முடிப்பதற்குள் அவருக்குக் கனடாவில் வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து காருக்குள் தெருக் கிளப்பின் மூங்கிலும், பூஜைப் பந்தல் துணியும், ஒரு பூனையும் குடியிருந்தன. காகிதங்களை மட்டும் லாஹிரி தவறாமல் புதுப்பித்து வந்தார். சிலருக்கு வண்டி ஓடாவிட்டாலும் காகிதம் ஓட வேண்டும்.

"அடிச்சட்டம் மெட்ராஸ்ல செஞ்சது, மேல் உடம்பு கல்கத்தாவுல ஏறினது," என்றாள் சுந்தரவல்லி. "நம்மாத்து ஜாதகம்தான். லாஹிரி-தா சும்மாவே குடுத்துடறேங்கறார். அதை ஓட வையுங்கோ. என்னைப் பக்கத்துல உட்கார வெச்சுண்டு சால்ட் லேக்ல பாலு ஆத்துக்குப் போயிட்டுத் திரும்பி வாங்கோ. வந்த நிமிஷம் சமையலறை உங்களுது. அதுவரைக்கும் அந்த நிலைப்படியைத் தாண்டப்படாது."

பாலு என்கிற பாலசுப்ரமணியன் அவளுடைய தம்பி. அத்திம்பேரால் ஒரு பல்பைக்கூட மாற்ற முடியாது என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு திரிபவன். அவன் பெயரைக் கேட்டதும் வாஞ்சிநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தோத்தா?"

"ஆயுசுக்கும் அடுப்படிப் பக்கம் வரப்படாது. மகாளய அமாவாசை வரைக்கும் டயம். நாலு மாசம் முழுசா இருக்கு."

இந்தப் பெண்பிள்ளைக்குப் பேரம் பேசவே தெரியவில்லையே என்று வாஞ்சிநாதன் உள்ளூர இரக்கப்பட்டார். உடனே ஒரு தாளை எடுத்து ஒப்பந்தம் எழுதினார். நான்கு ஷரத்து. 'சமையலறையின் முழுப் பொறுப்பையும் வாஞ்சிநாதன் ஏற்றுக்கொள்வார்' என்பது மூன்றாவது. 'பொறுப்பை ஒப்படைத்தவர் அதன்பிறகு எவ்விதத்திலும் தலையிடக் கூடாது' என்பது நான்காவது. அதை எழுதும்போது மட்டும் அவர் லேசாகச் சிரித்துக்கொண்டார். சுந்தரவல்லி நான்கையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கார் வந்தது. ஆறு பேர் தள்ளி, கொட்டகை வேலியின் ஒரு பக்கத்தைப் பிரித்து, வீட்டு முன்புறத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பூனையும் கூடவே வந்தது. டிரைவர் சீட்டில் நாலு குட்டி போட்டிருந்தது. அதைத் தூக்கி வைக்கப் போனார் வாஞ்சிநாதன். மதிலுக்கு மேலே லாஹிரியின் மனைவி, சுந்தரவல்லிக்கும் அவருக்கும் பௌதி, அதாவது அண்ணி, தலையை நீட்டினாள்.

"தொடாதீர்கள்! அது குழந்தைகளைக் காக்கும் மா ஷஷ்டியின் வாகனம். குட்டிகளை இடம் மாற்றினால் பாவம்."

வாகனத்துக்குள் வாகனம். யார் பூனையோ, பாவம் மட்டும் வாஞ்சிநாதனுக்கு. குட்டிகள் கண் திறந்து, நடை பழகி, தாமாக இறங்கிப் போக ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை அவர் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். காரை இன்ஸ்பெக்ட் செய்தார். எண்பத்தாறு குறைகளைக் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு, கார்பன் வைத்து எழுதினார். படித்துப் பார்க்கும்போது அவருக்கே பெருமையாக இருந்தது. இத்தனை கச்சிதமான அறிக்கையைப் பார்த்த பிறகும் கார் தானாகச் சரியாகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"யாராவது இதை அனுசரிச்சு நடவடிக்கை எடுக்கணும்," என்றார் மனைவியிடம்.

"யார்?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மறுநாள் ஹாபுல் மிஸ்திரி வந்து நின்றான். தெருக்கோடியில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அந்தத் தெருவில் அவனை வரவழைக்க மற்றவர்கள் மூன்று முறை நடக்க வேண்டும். வாஞ்சிநாதனிடம் அவனாகவே வந்தான். அதுவும் காலை ஒன்பதுக்கே.

"தீதி சொன்னாள், கார் இருக்கிறதாமே," என்றான்.

தீதி என்றால் அக்கா, அதாவது சுந்தரவல்லி. தம்முடைய ஆளுமை தெரு முழுக்கப் பரவிவிட்டதன் விளைவு என்றே வாஞ்சிநாதன் இதை எடுத்துக்கொண்டார்.

ஹாபுல் அறிக்கையை மரியாதையாக வாங்கி, அதை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போனான். அறிக்கையின் முதல் பிரயோஜனம் அது. "ஹோயே ஜாபே, தாதா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆகிவிடும், அண்ணா என்று அர்த்தம். எப்போது என்பதை அந்த வாக்கியம் சொல்லாது.

ஆனால் ஆகத்தான் செய்தது. முதலில் மேற்பார்வை மட்டும் பார்த்த வாஞ்சிநாதனுக்கு, ஒரு மழை நாளில் ஹாபுலின் கை எட்டாத இடத்தில் ஒரு நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. பிடித்தார். மறுநாள் தாமே ஒன்றை முடுக்கினார். அதற்கடுத்த வாரம் ஸ்பானரைப் பத்தா பன்னிரண்டா என்று பார்க்காமலே கையில் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஃபைபரில் விழுந்திருந்த விரிசல்களைப் பிசின் தடவி, தேய்த்து, மறுபடி தடவி மூடினார். பனியன் கறுத்தது. கரியாஹாட் கடைத்தெரு வரை நடந்துபோய் சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின் வாங்கி வந்தார். முன்விளக்கு ரெண்டும் எரிந்த அன்று, கதவைத் திறந்து, ஈரக் கையோடு நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு ஆள் அறுபது வயதில் இத்தனை சந்தோஷமாக இருக்க முடியும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

"எப்படி?"

"அழகா இருக்கு," என்றாள் சுந்தரவல்லி. "பிரேக் பிடிக்கறதா?"

"பிடிக்கும்."

"நன்னாப் பிடிக்கணும்னா. ஹாபுல் கிட்ட ரெண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கோ."

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். செவ்வாய், வெள்ளி மத்தியானங்களில் அவள் பஜனை வகுப்புக்குப் போய்வர ஆரம்பித்திருந்தாள். தோற்கப் போகிறவர்களுக்குப் பக்தி வருவது சகஜம்தானே.

பெரிய கண்டம் கடைசியில் வந்தது. விஸ்வகர்மா பூஜை. வங்காளத்தில் அன்று ஒரு மிஸ்திரி ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட மாட்டான். கருவிகளுக்கெல்லாம் பூவும் குங்குமமும். வானம் முழுக்கக் காற்றாடி. ஒர்க்‌ஷாப்பில் பந்தல், பாட்டு, சாப்பாடு. அன்றோடு முடிந்தால் பரவாயில்லை. பூஜைக்குப் பிறகு மிஸ்திரிகள் களைப்பாறுவதற்குக் கணக்கு கிடையாது. மகாளயத்துக்கு நாலே நாள். கிளட்ச் இன்னும் கழற்றின கோலத்தில் கிடந்தது. ஹாபுல் போனை எடுக்கவில்லை.

வாஞ்சிநாதன் திண்டாடிப் போனார். தோற்றால் சமையலறை போய்விடும் என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. பாலு சிரிப்பானே! அதைவிட, இத்தனை நாள் தேய்த்த இந்தக் கார் ஓடாமலே நின்றுவிடுமே! வாசல்படியில் உட்கார்ந்து கிளட்ச் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை சுந்தரவல்லி ஜன்னலிலிருந்து பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். ஒர்க்‌ஷாப் வாசலில் வங்காளியில் ஒரு நிமிஷம் பேசினாள். உரக்கத்தான். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஹாபுல் வந்துவிட்டான்.

எதிரிக்கு யாராவது இப்படி உதவி செய்வார்களா என்று வாஞ்சிநாதன் வியந்தார். வெகுளி, சுத்த வெகுளி என்று தீர்மானித்தார்.

மகாளய அமாவாசை. காலையில் தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, ரெண்டு மணிக்கு வாஞ்சிநாதன் காரில் ஏறினார். சுந்தரவல்லி பக்கத்தில் ஏறினாள். ஹாபுல் நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்தான். கார் இருமியது, உறுமியது, நசுக்கியது, கிளம்பியது.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். டிரைவர் சீட்டு ஏனோ முன்னால் தள்ளிப் பூட்டப்பட்டிருந்ததால் அவருடைய முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் காது உயரத்துக்கு நின்றதை மட்டும் சொல்வதில்லை. மினிபஸ் கண்டக்டர்கள் எட்டிப் பார்த்து விசிலடித்தார்கள். பைபாஸ் சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வாஞ்சிநாதன் காகிதங்களை எடுப்பதற்குள் அவர் செல்போனை எடுத்துப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. அவருக்கு அது பறக்கிற மாதிரிதான் இருந்தது.

சால்ட் லேக்கில் பாலு வாசலுக்கு வந்தான். காரைப் பார்த்தான். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான்.

"என்னடா தேடறே?"

"யார் தள்றான்னு பார்க்கறேன், அத்திம்பேர்."

"நானேதான்டா ஓட்டிண்டு வந்தேன்! கேளு உங்கக்காவை!"

"அவர்தான் ஓட்டினார்," என்றாள் சுந்தரவல்லி பெருமையோடு. அதைக் கேட்டு வாஞ்சிநாதன் மார்பை நிமிர்த்தினார். நிமிர்த்தியதில் ஹாரன் அடித்தது.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார்கள். இறங்கின கையோடு அவர் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி."

சுந்தரவல்லி ஏற்கெனவே தயாராக வைத்திருந்தாள். சாமான் அலமாரிச் சாவிக்கொத்து. கூடவே ஒரு பட்டியல், ரெண்டு பிரதி: டப்பா நாற்பத்திரண்டு, குக்கர் மூன்று, கிரைண்டர் ஒன்று, கரண்டி வகை பதினெட்டு. பொறுப்பு ஒப்படைக்கும் முறை இவளுக்கு எப்படித் தெரிந்தது! வாஞ்சிநாதன் புல்லரித்துப்போய் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"பரம திருப்தி."

"அப்போ கார் சாவியைக் குடுங்கோ."

"எதுக்கு?"

"பேங்க்ல பெட்டகத்துக்கு ரெண்டு சாவி உண்டு, ரெண்டும் ஒரே ஆசாமி கையில இருந்தா மெமோன்னு சொல்லுவேளே. ஆசன்சோல்ல ஒரு மேனேஜரை அதுக்காகவே அழவெச்சேளே. ஒருத்தர் கையில ரெண்டு சாவி இருக்கலாமா?"

கூடாதுதான். எழுதி எழுதிக் கை தேய்ந்த விதி அது. வாஞ்சிநாதன் உள்ளங்கையைத் திறந்தார். மூடினார். கார் சாவியை நீட்டினார்.

"சரி, பத்திரமா உள்ளே வை. ஓட்டறது நான்தானே."

சுந்தரவல்லி கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில்கூட அவள் அடக்கமாகத்தான் இருந்தாள்.

"பஜனை வகுப்புன்னியே!"

"டிரைவிங் ஸ்கூல் வாசல்லதான் பஜனை மண்டபம். ஒரு நமஸ்காரம் பண்ணிட்டுத்தான் உள்ளே போவேன்."

மதில் கதவு திறந்தது. லாஹிரி பௌதி பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சுந்தரவல்லி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டு அவளுக்கு அளவெடுத்துப் பூட்டினாற்போல் இருந்தது. அப்படித்தான் பூட்டப்பட்டிருந்தது.

"பத்து வருஷமா நாங்க ரெண்டு பேரும் இந்தக் காரைப் பார்த்துண்டே இருக்கோம்னா," என்றாள். "பொறுமையா உட்கார்ந்து குறை கண்டுபிடிக்க ஒரு ஆள்தான் கிடைக்கலை."

"எங்கே கிளம்பறேள்?"

"கரியாஹாட். பௌதிக்குப் புடவை பார்க்கணும்."

"ராத்திரிக்கு என்ன?"

"அமாவாசை. உப்புமா போறும்."

"யார் பண்றது?"

"யார் கிட்ட சாவி இருக்கோ அவா."

"வல்லி! நிர்வாகம்னா மேற்பார்வை!"

"முழுப் பொறுப்புன்னு எழுதினது நீங்கதானே. ரவை எங்கே இருக்குன்னு சொல்லலாம்தான். ஆனா நான் தலையிடப்படாதாமே."

கார் இருமவே இல்லை. சமர்த்தாகக் கிளம்பிப் போய்விட்டது.

மதிலுக்கு அப்பால் லாஹிரி நின்றுகொண்டிருந்தார். கையில் காலி டீக் கோப்பை. முகத்தில் வருத்தம்.

"வாஞ்சி-பாபு, என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! முப்பத்தெட்டு வருஷம் அந்தக் காரை ஓடவிடாமல் நான் காப்பாற்றி வைத்திருந்தேன். நீங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஆசாமி, எதையும் முடிக்க மாட்டீர்கள் என்று நம்பித்தானே கொடுத்தேன்!"

வாஞ்சிநாதன் சாவிக்கொத்தைப் பார்த்தார். உள்ளே போனார். நாற்பத்திரண்டு டப்பாவில் முப்பத்தொன்றாவதில் ரவை கிடைத்தது. முதல் ஈடு அடி பிடித்தது. அதைப் பூனைக்கு வைத்தார், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது ஈட்டில் தண்ணீர் அதிகம். மூன்றாவதில், ஹாபுலிடம் நட்டு முடுக்கக் கற்றுக்கொண்ட பொறுமையோடு, ரவையை மெள்ள மெள்ள வறுத்தார். வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் காது வைத்துக் காத்திருந்தார்.

ஏழரைக்குக் கார் வந்தது. சுந்தரவல்லி கை காலைக் கழுவிக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்தாள். அவர் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றாள். இன்னொரு வாய்.

"நன்னா இருக்கு."

வாஞ்சிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எந்தக் கிளையைப் பற்றியும் எழுதாத வார்த்தை அது. கேட்க இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் நாலு பேருக்காவது எழுதியிருப்பார்.

"நிஜமாவா வல்லி?"

"நிஜமாத்தான். உப்பு, காரம் எல்லாம் கச்சிதம். இனிமே எனக்குக் கவலையே இல்லை." தட்டைச் சுத்தமாக வழித்துவிட்டு எழுந்தாள். "நாளைக்கு நவராத்திரி ஆரம்பம். லேக் மார்க்கெட் மனுஷா, தெருவுல இருக்கற வங்காளிகள் எல்லாம் சேர்த்துத் தினம் நாப்பது பேர் கொலுவுக்கு வருவா, ஒம்போது நாளும். வெத்தலை பாக்கு நான் குடுத்துடறேன். ஏழு மணிக்கு மேல நானும் பௌதியும் துர்க்கா பூஜைப் பந்தல் பார்க்கக் கிளம்பிடுவோம். சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை இப்பவே ஊறப் போட்டுடுங்கோ, காலம்பற போட்டா வேகாது."